ஐந்தாவது ஏன்

டிசம்பர் புயல் கடந்துபோன மறுநாளிலிருந்து பலராமனின் டிராக்டருக்கு நடுவழியில் நின்றுவிடும் பழக்கம் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். பின்னால் தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு பென்னலூர்த் தெருவைத் தாண்டும், பள்ளிக்கூடத்தைத் தாண்டும், ஏரிக்கரை ரோட்டில் ஏறும். ஏறிச் சற்று தூரம் போனதும் குரல் மெலியும். தூக்கம் வந்த குழந்தை பேசிக்கொண்டே வார்த்தைகளை நழுவவிடுவதைப் போல ஒரு வெடிப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு வெடிப்பு, பிறகு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் இருபது நிமிடத்துக்கு யார் என்ன செய்தாலும் உயிர் வராது. அந்த நேரம் கழிந்ததும் எதுவுமே நடக்காதது போல ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகும்.

புயல் மழையில் டீசலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். டீசலை வடித்தார்கள். ஃபில்டரை இரண்டு தடவை மாற்றினார்கள். டியூப்களை மாற்றினார்கள். பம்பைக் கழற்றி ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்து மாட்டினார்கள். மொத்தம் நான்கு மெக்கானிக்குகள். நான்கு பேர் கையிலும் டிராக்டர் சமர்த்தாக ஓடியது; அவர்கள் தலை மறைந்த பிறகு நின்றது. கடைசியாக வந்தவர், "வயசாயிடுச்சிண்ணா, விட்டுடு" என்று பலராமனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பலராமன் விட்டுவிடுவதென்று முடிவு செய்தார். ஒரகடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சாம்சன் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லாரியோடு வருவதாகப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பலராமனின் மனைவி மீனம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். மாடியில் இருந்த ஒற்றை அறையில் தங்கமாரி குடியிருந்தாள். கயத்தாறு பக்கத்துப் பெண். ஒரகடத்தில் லாரி இன்ஜின் செய்யும் கம்பெனி ஒன்றில் ரீவொர்க் பிரிவில் வேலை. சோதனையில் தேறாத இன்ஜின்கள் லைனிலிருந்து இறங்கி அவளிடம்தான் வரும். அப்போது அவள் துவைத்த யூனிஃபார்மைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியின் இந்தப் பாதியில்தான் போட்டாள். அந்தப் பாதி தென்றலுடையது. அவள் போய் மூன்று மாதமாகியும் தங்கமாரியால் அங்கே ஒரு துண்டைக்கூடப் போட முடியவில்லை.

தென்றல் அந்த வீட்டின் ஒரே மகள். இருபத்திரண்டு வயது. செல்போன் கம்பெனி லைனில் நின்றவள். கார்த்திகையில் வந்த காய்ச்சல் ஐந்தாம் நாள் அவளைக் கொண்டுபோய்விட்டது.

"தங்கம், அந்த வண்டிய நீ ஒருவாட்டி பாரேன்" என்றாள் மீனம்மாள்.

"நான் பாக்கது புது இன்ஜின்லா அக்கா. இது நான் பொறக்கதுக்கு முன்னாடி உள்ளதுல்லா."

"தெரியாமலா கேக்கறேன்." மீனம்மாள் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "பொண்ணு போனப்புறம் இந்த மனுசன் செவுத்தப் பாத்துக்கினு படுத்தவரு பதினாறு நாள் எழுந்திரிக்கல. அப்புறம் ஆஸ்டல் வார்டன் போன் பண்ணான், புள்ளைங்க குளிக்கத் தண்ணி இல்லண்ணான்னு. அதுக்கு எழுந்தவருதான். இன்னிக்கும் ஆஸ்டலுக்குத் தண்ணி ஓட்ற அந்த ஆறு நடைக்காகத்தான் காத்தால கண்ணத் தொறக்கறாரு. வண்டிய சாம்சன் தூக்கிக்கினு போய்ட்டான்னா, நாளைக்கு நான் இன்னா சொல்லி அவர எழுப்புவேன்?"

தங்கமாரி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

கம்பெனியில் ஒரு இன்ஜின் தேறாமல் போனால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி: ஏன். முதல் ஏனுக்கு எழுதிய பதிலைப் பார்த்து இரண்டாவது ஏன், அதன் பதிலைப் பார்த்து மூன்றாவது. 'ஒய் ஒய்' என்று அதற்குப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கமாரிக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. போகப்போகப் பிடித்துவிட்டது. உலகத்தில் எது உடைந்தாலும் ஐந்து படி இறங்கினால் அடியில் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும் என்பது தூக்கத்தில்கூட ஆறுதலான நினைப்பாக இருந்தது. அந்தத் தாளுக்கு ஒரு விதியும் உண்டு. எந்தக் கட்டத்திலும் ஒரு ஆளைக் காரணமாக எழுதக் கூடாது. கவனக்குறைவு, மறதி என்று எழுதினால் சூப்பர்வைசர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பலராமன் டிராக்டரின் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். டூல் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. எதையும் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

"அண்ணாச்சின்னு கூப்டாதன்னு எத்தினிவாட்டி சொல்றது. மளிகக் கடைல பருப்பு நிறுத்தறவன் மாதிரி கீது." வழக்கமாகச் சிரித்துக்கொண்டே சொல்லும் பேச்சு. இன்று பழக்கத்தில் வாய் சொன்னது, முகம் அதோடு சேரவில்லை. "நாலு பேர் பாத்துட்டான். நீ இன்னா பாக்கப்போற?"

"அவங்க இன்ஜினப் பாத்தாங்க. நான் உங்களத்தான கேக்கப்போறேன். எப்பம் நிக்கி?"

"அதுக்கு எப்ப தோணுதோ அப்ப."

"அப்படி எந்த இன்ஜினும் நிக்காது. என்னைக்காச்சும் ரொம்ப சீக்கிரம் நின்னுச்சா?"

பலராமன் தலையைச் சொறிந்தார். "ஃபுல் டேங்க் போட்டன்னிக்கு. இஸ்கூலக்கூடத் தாண்டல. பங்க்ல கலப்படம்னு வேற பங்க்குக்குப் போனேன். அங்கயும் அதே. இப்பல்லாம் அஞ்சு லிட்டர் அஞ்சு லிட்டரா ஊத்திக்கினு ஓட்றேன். அப்ப கொஞ்சம் தாங்குது, ஏரிக்கர வரைக்கும்."

தங்கமாரி நிமிர்ந்தாள். இது தலைகீழாக இருந்தது. தண்ணீரோ அழுக்கோ இருந்தால் அடியில்தான் தங்கும். டீசல் குறையக் குறையத்தான் இன்ஜின் நிற்க வேண்டும். நிறைந்த டேங்க்கில் ஏன் சீக்கிரம் நிற்கிறது?

"மெக்கானிக் வந்ததும் மொதல்ல என்ன செய்வாங்க?"

"இன்னா செய்வான். டீசல் கீதான்னு மூடியத் தொறந்து பாப்பான்."

"நாலு பேருமா?"

"நாப்பது பேர் வந்தாலும் அதான் பாப்பான்."

"சரி. டேங்க ஃபுல் பண்ணுங்க. மூடிய நல்லா இறுக்கி மூடுங்க. அதுக்குப் பொறவு நான் சொல்லுத வரைக்கும் யாரும் மூடியத் தொடக் கூடாது."

"சாவப்போற கெழவனுக்கு ஃபுல் மீல்ஸா" என்று முனகிக்கொண்டே அவர் கேனை எடுத்தார். ஆனால் எடுத்தார். மீனம்மாள் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேங்கரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். தங்கமாரி மட்கார்டின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, இன்ஜினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய கம்பெனியில் இன்ஜின்கள் ஒரே சுருதியில் உறுமும். இது பல் போனவர் பேசுவதைப் போலப் பேசியது, ஆனால் தடுமாறாமல் பேசியது. இந்த இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ இதன் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடச் சுவர் வந்தபோது குரல் மெலிந்தது. ஒரு வெடிப்பு. இடைவெளி. நின்றது.

பலராமன் பழக்கப்பட்டவராகத் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இருவது நிமிசம். எறங்கி நில்லு, வெயில் அடிக்குது."

தங்கமாரி இறங்கவில்லை. எட்டி, டேங்க் மூடியின் மேல் கையை வைத்து, மெதுவாகத் திருகினாள். அரைத் திருகு வந்தபோது அந்தச் சத்தம் வந்தது. ஸ்ஸ் என்று நீளமாக, உள்ளே இழுக்கும் சத்தம். கிணற்றுக்குள் ரொம்ப நேரம் முங்கிக் கிடந்தவன் தலையை வெளியே நீட்டி இழுக்கும் முதல் மூச்சைப் போல.

"இப்பம் ஸ்டார்ட் பண்ணுங்க."

"இருவது நிமிசம் ஆவணுமே."

"ஆவ வேண்டாம். பண்ணுங்க."

இரண்டாவது திருகில் பிடித்துக்கொண்டது. பலராமன் ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று அசைவதைத் தங்கமாரி பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. டீசல் கீழ எறங்கணும்னா மேல இருந்து அந்த அளவுக்குக் காத்து உள்ள போவணும். அதுக்காவ மூடியில ஊசி மொன அளவுக்கு ஒரு ஓட்ட வச்சிருப்பாங்க. அது அடச்சிருக்கு. அதான் டீசல உறிஞ்ச முடியாம நிக்கி. ஃபுல் டேங்க்னா உள்ள காத்தே கெடையாது, சீக்கிரம் நிக்கி. இருவது நிமிசம் விட்டா மூடி ஓரமா காத்து கொஞ்சங்கொஞ்சமா கசிஞ்சு உள்ள போயிருது, திரும்ப ஓடுது. மெக்கானிக்லாம் மொதல்லயே மூடியத் தொறந்துருதாங்க, காத்து உள்ள போயிருது, அவங்க கையில நல்லா ஓடுது." பெருமை அவளை மீறி வழிந்தது. மூடியை முழுதாகக் கழற்றி, ஓட்டையைத் தேடித் திருப்பினாள்.

மூடியின் நடுக்குழியில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம். அதற்கு மேல் கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு, ஓரம் வரை வழித்துப் பூசிய வார்னிஷ்.

அவளுடைய மனம் பழக்கத்தில் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனது. இன்ஜின் ஏன் நின்றது, டீசல் வரவில்லை. ஏன் வரவில்லை, டேங்க் மூச்சு விடவில்லை. ஏன் விடவில்லை, துளை அடைத்திருக்கிறது. ஏன் அடைத்திருக்கிறது, வார்னிஷ். "இதுக்கு மேல யாரு ஏன்..." என்று ஐந்தாவதைக் கேட்க வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஸ்டியரிங்கின் நடுவில் அதே மினுக்கம். பானெட்டின் மேல். இரண்டு விளக்குகளின் நெற்றியில். அவள் உட்கார்ந்திருந்த மட்கார்டில். இத்தனை நாள் இதே டிராக்டரைத் தாண்டித்தான் ஷிஃப்ட்டுக்குப் போய் வந்திருக்கிறாள்.

பலராமன் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயுத பூஜைக்கு அவதான் வெச்சா" என்றார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் அவர் குரல் பாதி கரைந்தது. தங்கமாரி குனிய வேண்டியிருந்தது. "உனுக்கு அன்னிக்கு ஓவர்டைம். நீ இல்ல. அவ போனப்புறம் புயல் வருது, புயல் வருதுன்னு டிவில சொல்லிக்கினே இருந்தானா. ஒரு மழைக்குக் கரஞ்சிப் பூடுமேன்னு... கதவுக்கு அடிச்ச வார்னிஷ் அடில கொஞ்சம் கெடந்திச்சி. அவளோட நெயில் பாலீஷ் பிரஷ்ஷு, அதால ஒண்ணொண்ணா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"அப்போ நான்தான் அடச்சிக்கீறேன்."

"அப்படி இல்ல அண்ணாச்சி. ஆளக் காரணமா எழுதக் கூடாதுன்னு எங்க கம்பெனியில..."

"பின்ன இன்னான்னு எழுதுவ?"

தங்கமாரி அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

ஒரகடம் போகும் கம்பெனி பஸ் ஒன்று அவர்களை ஒட்டி ஊர்ந்து போனது. ஜன்னல்களில் தூங்கி வழியும் தலைகள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போகிறவர்கள்.

"புது மூடி ஸ்பேர்ஸ் கடையில கெடைக்கும்" என்றாள் அவள், பஸ் போன பிறகு. "சாயங்காலம் நானே போய் வாங்கியாரேன். இத அப்படியே எடுத்து வச்சுக்கிடலாம். ஒண்ணும் ஆவாது."

அவர் கையை நீட்டினார். அவள் மூடியைக் கொடுத்தாள். வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார்.

"மத்ததெல்லாம் மோதிர வெரலால இழுத்து வெச்சா. இது குழியா கீதுன்னு கட்ட வெரலால அமுக்கினா. ரேக தெரியுது பார்."

தெரிந்தது. வார்னிஷுக்கு அடியில், குங்குமத்தின் ஓரமாகச் சந்தனத்தில், மெல்லிய வளைவு வளைவான கோடுகள். அந்தக் கட்டைவிரல் தன் அறைக் கதவை எத்தனை தடவை தட்டியிருக்கும் என்று நினைத்தாள் தங்கமாரி. மேலே நினைக்காமல் இருக்கப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தாள்.

"கடைசி நாள்ல மூச்சுக்குத்தான் அல்லாடினா" என்றார் பலராமன். "நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல. இங்க வந்து இதுக்கும் நானே மூச்ச அடச்சி வெச்சிட்டு, ரெண்டு மாசமா ஏன் நிக்கற ஏன் நிக்கறன்னு கேட்டுக்கினு கீறேன்."

"புது மூடி..."

"வோணாம்மா. இத இப்படியே வெச்சிக்கினு தெனம் பாக்க என்னால ஆவாது."

சீட்டுக்கடியில் வைத்திருந்த டூல் பெட்டியிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தங்கமாரி தடுக்க நினைத்தாள். ஊசியால் நடுவில் ஒரு துளை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தாள். சொல்வதற்குள் முனை வார்னிஷின் ஓரத்தில் இறங்கிவிட்டது. மீன் செதிலைப் போல முழுதாக எழும்பி வந்தது அந்தப் பொட்டு. ஒரு கணம் ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் அப்படியே நின்றது. அவர் அதை எடுக்க விரலைக் கொண்டுபோனபோது இரண்டாக உடைந்தது, இரண்டும் பொடியானது. இன்ஜினின் அதிர்வில் பானெட்டின் மேல் உதிர்ந்த சிவப்புத் தூள் தானாக நகர்ந்து, சரிந்து, இல்லாமல் போனது.

பலராமன் மூடியைத் திருப்பி, உதட்டில் வைத்து, துளையில் ஊதினார். முதல் ஊதலுக்கு வழிவிடவில்லை. கன்னம் உப்ப இன்னொரு முறை ஊதினார். பிறகு இன்னொரு முறை. துளை திறந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. தங்கமாரிதான் அவர் மணிக்கட்டைத் தொட்டாள்.

"போதும் அண்ணாச்சி. தொறந்துருச்சு."

அவர் உதட்டில் டீசலும் கொஞ்சம் குங்குமமும் ஒட்டியிருந்தன. துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு, மூடியைத் திருகி மூடி, கியரைப் போட்டார்.

முதல் நடை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மீனம்மாள் வாசலிலேயே நின்றாள். அவர் தண்ணீர் பிடிக்க மோட்டாரைப் போடப் போனார்.

"இன்னா கோளாறு தங்கம்?"

"டேங்க் மூடியில அடைப்புக்கா."

"எதனால?"

தங்கமாரி அவள் முகத்தைப் பார்த்தாள். "புயல் மழையில அழுக்கு அடச்சிருக்கு" என்றாள்.

"இவ்ளோதானா" என்றாள் மீனம்மாள். "இதுக்கா ரெண்டு மாசம்?" சிரிக்கப் பார்த்தாள். உடனே உள்ளே போய் சாம்சனுக்குத் தானே போன் போட்டு, வண்டியைக் கொடுப்பதாக இல்லை, லாரி எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொன்னாள். அந்தக் குரலில் நாளைக் காலைக்கான தைரியம் இருந்தது.

டிராக்டர் ஓடியது. இரண்டாவது நடை, மூன்றாவது நடை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் தண்ணீர் பிடிக்கும் நேரம் மட்டும்தான். பொழுது சாய்கிற வரை இழுத்துக்கொண்டு கிடந்த வேலை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைசி நடைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு முழு மத்தியானம் காலியாகக் கிடக்கிறது என்பது பலராமனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறாவது நடைக்கு டேங்கர் நிரம்பிய பிறகும் அவர் மோட்டாரை நிறுத்த மறந்து நின்றார். தண்ணீர் மேலே வழிந்து அவர் காலை நனைத்தது.

"நீயும் வா" என்றார் தங்கமாரியிடம். "வழில நின்னுட்டா?"

"இனிமே நிக்காது அண்ணாச்சி."

"வாயேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டினார்கள். ஏரிக்கரை ரோட்டில் ஏறினார்கள். ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடந்தது. அக்கரையில் கம்பெனிக் கூரைகள் வரிசையாக வெயிலில் வெளுத்திருந்தன. கருவேல மரங்கள் ரோட்டுக்குக் குனிந்திருக்கும் இடம் வந்தது. இன்ஜின் நின்றது.

தங்கமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் மெலியவில்லை, தடுமாறவில்லை; ஒரே வெட்டாக நின்றிருந்தது. எதை விட்டுவிட்டோம் என்று மனம் ஓட, மூடியை நோக்கிக் கையை நீட்டினாள். அப்போதுதான் பார்த்தாள். பலராமனின் கை இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப்பர் குமிழில் இருந்தது. குமிழை இழுத்துப் பிடித்தபடியே இருந்தார்.

"இந்த எடத்துலதான் தெனம் நிக்கும்" என்றார் ஏரியைப் பார்த்துக்கொண்டே. "வூட்ல பொண்ணுகிட்ட பேச முடியாது. மீனா கேட்டா அவளும் அழ ஆரம்பிச்சிடுவா. இங்கன்னா யாரும் கேக்கமாட்டான். வண்டி நின்னுக்கினு கீதுன்னு போய்டுவான்."

போன் அடித்தது. ஹாஸ்டல் வார்டன். தண்ணி எங்கண்ணா வருது என்று கேட்கும் குரல் தங்கமாரிக்கும் கேட்டது.

"ஏரிக்கரைல கீறேன்பா" என்றார் பலராமன். "வண்டி நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் ஆவும்."

தங்கமாரி மட்கார்டிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினாள். டேங்கரின் நீளத்தைத் தாண்டிப் பின்பக்கம் போய், அவர் பேசினாலும் கேட்காத தூரத்தில், ரோட்டோரம் நின்றுகொண்டாள்.